உள்ளூர் வானொலியில் உடைமைக் குவிப்பும் பணிப் பாதுகாப்பும்: அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி நிலையங்களின் உடைமைக்கு இருந்த தேசிய உச்சவரம்பை நீக்கியது. அதனைத் தொடர்ந்து சில ஆண்டுகளிலேயே உள்ளூர் நிலையங்கள் பல பெருநிறுவனங்களின் கைக்குச் சென்றன. அறிவிப்பாளர், செய்தியாளர், பொறியியல் பணியாளர் ஆகியோரின் பணிப் பாதுகாப்பு இம்மாற்றத்தால் எவ்வாறு தளர்ந்தது என்பதையும், தொழிற்சங்கங்களால் அதனை ஏன் முழுமையாகத் தடுக்க இயலவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. முடிவெடுக்கும் அதிகாரம் நிலையத்தைவிட்டு நீங்கித் தலைமையகத்திற்குச் சென்றபின்னும், பேரம் பேசும் உரிமை நிலையத்தளவிலேயே நின்றுவிட்டது என்பதே கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உள்ளூர் வானொலி, உடைமைக் குவிப்பு, பணிப் பாதுகாப்பு, கூட்டுப் பேரம், குரல் பதிவு முறை, பொதுநலன்.

முன்னுரை

உள்ளூர் வானொலி நிலையம் இருவகை உறவுகளின்மேல் நிற்கிறது. ஒன்று, நிலையத்திற்கும் அது ஒலிபரப்பும் ஊருக்கும் இடையிலான உறவு. மற்றொன்று, நிலைய உரிமையாளருக்கும் அங்குப் பணிபுரிவோருக்கும் இடையிலான உறவு. முதலாவதை ஒலிபரப்புச் சட்டம் ஆள்கிறது. இரண்டாவதைத் தொழிலுறவுச் சட்டம் ஆள்கிறது. நடைமுறையிலோ இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. ஊர்ச் செய்தியைச் சேகரித்து வாசிக்க ஒருவர் வேலையில் இருந்தால்தான் ஊர்ச் செய்தி ஒலிபரப்பாகும். அவ்வேலை நீங்கும்போது அந்நிகழ்ச்சியும் நீங்குகிறது. ஒரே நிகழ்வின் இரு முகங்களாகிய இவற்றைச் சட்டம் இரு வேறு துறைகளாக நடத்தியதன் விளைவை அமெரிக்க வானொலியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

உரிமமும் உள்ளூர்த்தன்மையும்

1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தைத் தோற்றுவித்தது. அலைவரிசை தனியார் சொத்தன்று. பொதுநலனுக்கு உட்பட்டுக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் வழங்கப்படும் உரிமமே அது என்பது இச்சட்டத்தின் அடிப்படையாகும். உரிமம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயரால் வழங்கப்பட்டது. ஒருவர் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்புகள் விதிக்கப்பட்டன. 1950களில் நாடு முழுவதும் ஏழு எஃப்.எம். நிலையங்களும், ஏழு ஏ.எம். நிலையங்களுமே ஒருவருக்கு அனுமதிக்கப்பட்டன. 1980களில் இவ்வரம்பு பன்னிரண்டாக உயர்ந்தது. 1990களின் முற்பகுதியில் படிப்படியாகத் தளர்ந்து, 1996ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்பு வகைக்கு இருபது என்ற நிலையை எட்டியது.

இவ்வரம்புகள் தொழிலாளரைக் கருதி இயற்றப்பட்டவை அல்ல. கருத்துப் பன்மையைக் காப்பதே அவற்றின் நோக்கம். ஆயினும் அவை பணிப் பாதுகாப்பிற்கும் மறைமுகமாக உதவின. ஒரே நகரில் பல உரிமையாளர்கள் இருந்தமையால் ஒரு நிலையத்தில் வேலை இழந்தவர் அடுத்த நிலையத்தை நாட முடிந்தது. முதன்மைக் கலையகம் உரிம ஊரிலோ அதன் அருகிலோ இயங்க வேண்டும் என்ற விதியும் இத்தகையதே. கலையகம் ஊரில் இருக்க வேண்டுமெனில் அங்குப் பணியாளரும் இருந்தாக வேண்டும். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்த இவ்விதியை ஆணையம் 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நீக்கியது.

சங்கங்களின் தோற்றமும் முதல் தொழில்நுட்பப் போராட்டமும்

1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் தனியார்துறைத் தொழிலாளர்க்கு உறுதி செய்தது. 1937இல் வானொலிக் கலைஞர்களுக்கான அமெரிக்கக் கூட்டமைப்பு தோன்றியது. 1952இல் தொலைக்காட்சிக் கலைஞர்களையும் இணைத்துக்கொண்டு அது ஆஃப்ட்ரா என்னும் பெயரைப் பெற்றது. பொறியியல் பணியாளர்களுக்கு நாபெட் என்னும் சங்கமும், மின் தொழிலாளர் சகோதரத்துவ சங்கமும் இருந்தன.

அமெரிக்காவில் பணி ஒப்பந்தம் இல்லாத ஊழியரைக் காரணம் காட்டாமலே எந்நேரமும் நீக்கலாம் என்பது பொதுவான நிலை. இனம், பாலினம், சங்கச் செயல்பாடு முதலிய சட்டம் தடுத்த காரணங்களுக்காக நீக்குதல் மட்டுமே விலக்கு. எனவே 'நியாயமான காரணமின்றிப் பணிநீக்கம் கூடாது. கருத்து வேறுபாடு எழுந்தால் நடுவர் தீர்ப்பை நாட வேண்டும்' என்னும் கூட்டு ஒப்பந்த விதியே பெரும்பாலான ஊழியர்க்குக் கிடைக்கக்கூடிய பணிப் பாதுகாப்பாகும். சங்கம் இல்லாத நிலையத்தில் அப்பாதுகாப்பும் இல்லை. பெருநகர நிலையங்களில் சங்கங்கள் வேரூன்றின. சிறுநகர நிலையங்களில் பெரும்பாலானவற்றை அவை எட்டவே இல்லை.

தொழில்நுட்பம் வேலையை விழுங்குவது குறித்த முதற்பெரும் மோதல் இசைக்கலைஞர்களிடமிருந்து எழுந்தது. நிலையங்கள் நேரடி இசைக்குழுவிற்கு மாற்றாக இசைத்தட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கின. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஒலிப்பதிவுப் புறக்கணிப்பை நடத்தியது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இணங்க 1944ஆம் ஆண்டின் இறுதிவரை ஆயிற்று. விற்பனையாகும் இசைத்தட்டுகளிலிருந்து ஒரு தொகை வேலையிழந்த கலைஞர்களுக்கான நிதிக்குச் செல்லும் என்ற ஏற்பாடு உருவானது. இதற்கு எதிர்வினையாக 1946இல் நாடாளுமன்றம் லீ சட்டத்தை இயற்றியது. தேவைக்கு மேற்பட்ட ஆட்களை அமர்த்துமாறு ஒலிபரப்பாளரை வற்புறுத்துவதை அச்சட்டம் குற்றமாக்கியது. 1947இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. ஓர் உள்ளூர் நிலையத்திற்கு எத்தனை ஆட்கள் தேவை என்பதை இறுதியில் யார் தீர்மானிப்பது என்ற வினா அப்போதே எழுந்துவிட்டது.

சார்லட் நகர வழக்கு

அவ்வினாவின் மற்றொரு பக்கத்தை வட கரோலினாவின் சார்லட் நகரில் எழுந்த வழக்கு காட்டுகிறது. அந்நகரில் ஜெஃபர்சன் ஸ்டாண்டர்ட் ஒலிபரப்பு நிறுவனம் வானொலி நிலையம் ஒன்றை நடத்தி வந்தது; 1949இல் தொலைக்காட்சி ஒளிபரப்பையும் தொடங்கியது. தொழில்நுட்பப் பணியாளர்களின் கூட்டு ஒப்பந்தம் அவ்வாண்டு சனவரி இறுதியில் முடிவுற்றது. புதிய ஒப்பந்தத்தில் முரண்பட்ட விதி பணிநீக்கம் பற்றியதே. பணிநீக்கத்திற்கான காரணம் போதுமானதா என்பதையும் நடுவர் ஆராயலாம் என்ற பழைய விதி தொடர வேண்டும் என்றது சங்கம். குற்றச்சாட்டு உண்மையா என்பதை மட்டுமே நடுவர் ஆராயலாம் என்றது நிறுவனம்.

பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஓய்வு நேரத்தில் மறியல் செய்தனர். ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் வேறொரு துண்டறிக்கையை அச்சிட்டனர். உள்ளூர் நேரடி நிகழ்ச்சிகளே இல்லாத ஒளிபரப்பை வழங்குவதன்மூலம் நிறுவனம் சார்லட்டை இரண்டாந்தர நகரமாக நடத்துகிறது என்பது அதன் சாரம். முடிதிருத்தகம், உணவகம், பேருந்து என ஊரெங்கும் அது வினியோகிக்கப்பட்டது. ஆனால் தொழில் தகராறு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிறுவனம் பத்துப் பணியாளர்களை நீக்கியது.

தொழிலுறவு வாரியம் அவர்களுள் துண்டறிக்கையில் தொடர்பில்லாத ஒருவரை மட்டும் மீண்டும் பணியமர்த்த ஆணையிட்டது. 1953இல் உச்ச நீதிமன்றம் எஞ்சிய ஒன்பதின்மரின் பணிநீக்கத்தைச் சரியென ஏற்றது. தொழில் தகராற்றோடு தொடர்புபடுத்தாமல் முதலாளியின் நிகழ்ச்சித் தரத்தைப் பொதுவெளியில் தாக்குவது விசுவாசமின்மை எனவும், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை எனவும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நீதிபதிகள் மூவர் மாறுபட்டனர்.

இத்தீர்ப்பின் உட்பொருள் ஆழமானது. ஊதியம் குறைவு என்று ஊழியர் பேசினால் அது பாதுகாக்கப்பட்ட பேச்சு. இந்நிலையம் நம் ஊரைப் புறக்கணிக்கிறது என்று மட்டும் பேசினால் அது பாதுகாப்பற்ற பேச்சு. உள்ளூர்த்தன்மை ஒலிபரப்பு ஆணையத்தின் பொருளாகவும், ஊதியமும் பணியும் தொழிலுறவு வாரியத்தின் பொருளாகவும் பிரிந்து நின்றன. நேயரின் குறையை மிக நெருக்கமாக அறிந்த ஊழியரோ அதனைத் தனித்து எடுத்துரைக்க முடியாதவராயினர்.

1996ஆம் ஆண்டுச் சட்டமும் குவிப்பும்

1996 பிப்ரவரி 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய உச்சவரம்பை முற்றிலும் நீக்கியது. உள்ளூர் வரம்பையும் உயர்த்தியது. 45 அல்லது அதற்கு மேற்பட்ட வணிக நிலையங்கள் உள்ள சந்தையில் ஒரே உரிமையாளர் எட்டு நிலையங்கள் வரை வைத்திருக்கலாம். 30 முதல் 44 வரை உள்ள சந்தையில் ஏழு, 15 முதல் 29 வரை உள்ள சந்தையில் ஆறு என வரம்பு குறைகிறது. 14 அல்லது அதற்குக் குறைந்த நிலையங்கள் உள்ள சிறு சந்தையில் ஐந்து வரை அனுமதி உண்டு; எனினும் மொத்த நிலையங்களில் பாதியை மீறக்கூடாது.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 1972இல் தொடங்கப்பட்ட கிளியர் சேனல் நிறுவனம் 1996இல் ஏறத்தாழ 40 நிலையங்களை வைத்திருந்தது. ஜேக்கர், ஏ.எம்.எஃப்.எம். ஆகிய குழுமங்களை வாங்கியபின் 2000களின் தொடக்கத்தில் அதன் நிலையங்கள் 1,200ஐ ஒட்டி வளர்ந்தன. 1996க்கும் 2002க்கும் இடையில் வணிக நிலைய உரிமையாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நிலையங்களின் எண்ணிக்கையோ சற்றுக் கூடியது. நிலையங்கள் குறையாமல் முதலாளிகள் மட்டும் குறைந்தனர் என்பதே குவிப்பின் இயல்பு.

ஒரே நகரில் ஐந்தாறு நிலையங்கள் ஓர் உரிமையாளரிடம் வந்ததும் அவை ஒரே கட்டடத்தில் கூடின. ஆறு பொது மேலாளர்களின் இடத்தில் ஒருவரும், ஆறு செய்திப் பிரிவுகளின் இடத்தில் ஒன்றும் போதுமாயின. இது குவிப்பின் முதற்கட்டச் சிக்கனம். இரண்டாம் கட்டம் தொழில்நுட்பத்தால் வந்தது.

குரல் பதிவு முறை

வாய்ஸ் டிராக்கிங் எனப்படும் குரல் பதிவு முறையில் அறிவிப்பாளர் பாடல்களுக்கிடையே வரும் பேச்சை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்கிறார். கணினி அப்பேச்சைப் பாடலுக்கும் விளம்பரத்திற்கும் இடையில் உரிய இடத்தில் பொருத்துகிறது. நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சைச் சிறிது நேரத்திலேயே பதிந்துவிடலாம். ஒரு நகரில் இருப்பவர் வேறு பல நகரங்களுக்கு அந்தந்த ஊரின் பெயரையும் வானிலையையும் சொல்லிப் பேசலாம். நேயர்க்கு அவர் உள்ளூர்க்காரராகவே தோன்றுவார். ஆள் இல்லாமலே நிலையத்தை இயக்க 1995இல் ஆணையம் அனுமதித்திருந்தமை இம்முறைக்கு வழிவகுத்தது. இரவு நேரமும் வார இறுதியும் முதலில் ஆளற்றவையாயின. புதிய அறிவிப்பாளர்கள் தொழில் கற்ற நேரங்கள் இவையே என்பதால், இம்முறை இருந்த வேலைகளோடு வருங்காலத் தலைமுறை நுழையும் வாயிலையும் அடைத்தது.

இதன் விளைவு குறித்த விவாதத்தில் வட டகோட்டாவின் மைனாட் நகரம் அடிக்கடி சுட்டப்படுகிறது. 2002 சனவரி 18ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் அந்நகர் அருகே சரக்கு ரயில் தடம்புரண்டு நீரற்ற அம்மோனியா வாயு பரவியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். நகரின் ஆறு வணிக நிலையங்கள் அப்போது ஒரே நிறுவனத்திடம் இருந்தன. நிலையத்தைத் தொலைபேசியில் தொடர்புகொள்ள இயலவில்லை என்றனர் காவல்துறையினர். நிலையத்தில் ஆள் இருந்தார் எனவும், அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை முறையாக இயக்கவில்லை எனவும் நிறுவனம் மறுத்தது. பொறுப்பு யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு பணியாளரின் இருப்பு ஊர் மக்களின் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடையது என்பதை இந்நிகழ்வு பொது விவாதத்திற்குக் கொணர்ந்தது.

பேர அலகின் சிக்கல்

இத்தகைய மாற்றங்களைச் சங்கங்கள் ஏன் தடுக்கவில்லை என்ற வினாவிற்குச் சட்டத்தின் அமைப்பிலேயே விடை உள்ளது. அதனை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது, நிலையம் கைமாறும் நிலை. புதிய உரிமையாளர் பழைய பணியாளர்களைப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டால் சங்கத்தோடு பேரம் பேசியாக வேண்டும். ஆனால் பழைய ஒப்பந்தத்தின் விதிகள் அவரைத் தாமாகவே கட்டுப்படுத்தா என்று 1972ஆம் ஆண்டு பர்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே விற்பனை ஒவ்வொன்றும், ஒப்பந்தத்தில் முன்னேற்பாடு இல்லாவிடில், நியாயமான காரண விதியை மீண்டும் தொடக்கத்திலிருந்து பேசிப் பெற வேண்டிய நிலையை உருவாக்கியது.

இரண்டாவது, வேலையை வெளியே தரும் நிலை. உள்ளிருப்போரின் வேலையை ஒப்பந்தக்காரரிடம் அப்படியே மாற்றுவது பேரத்திற்குரிய பொருள் என 1964ஆம் ஆண்டு ஃபைபர்போர்டு தீர்ப்பு கூறியது. தொழிலின் ஒரு பகுதியைப் பொருளாதாரக் காரணங்களுக்காக மூடும் முடிவைப் பேரத்திற்கு உட்படுத்த வேண்டியதில்லை. அதன் விளைவுகளைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என 1981ஆம் ஆண்டு ஃபர்ஸ்ட் நேஷனல் தீர்ப்பு கூறியது. ஓர் ஊர் அறிவிப்பாளரை நீக்கி வேற்றூர்க் குரலைப் பதிவுவழி ஒலிக்கச் செய்வது ஆள்மாற்றமா, பகுதி மூடலா? இவ்வினாவிற்கு ஒப்பந்தத்தில் தெளிவான விதி இல்லாதபோது சங்கத்தின் நிலை வலுவிழக்கிறது.

மூன்றாவது, அலகின் அளவு. சங்கங்களின் உள்ளூர் ஒப்பந்தங்கள் பெரிதும் நிலையவாரியாக அமைந்தவை. பன்னிரண்டு பேர் கொண்ட அலகு நூற்றுக்கணக்கான நிலையங்களின் உரிமையாளரோடு பேரம் பேசும்போது வேலைநிறுத்தம் வலுவான ஆயுதமாவதில்லை. பிற ஊர்களிலிருந்து நிகழ்ச்சியைக் கொணர முடியும். மேலும் ஊதியம் முதலிய பொருளாதாரக் கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் நிரந்தர மாற்றாட்களை அமர்த்தலாம் என்ற விதி 1938இலேயே நிலைபெற்றுவிட்டது. அவ்வழக்கும் மெக்கே என்னும் வானொலித் தந்தி நிறுவனத்தைச் சார்ந்தது என்பது கருதத்தக்கது.

நான்காவது, முன்னறிவிப்புச் சட்டத்தின் வரம்பு. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட முதலாளிகள் பெரும் பணிநீக்கத்திற்கு அறுபது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. ஆனால் பணியிடம் ஒன்றில் பொதுவாக ஐம்பது பேராவது வேலை இழக்கும்போதே அக்கடமை எழுகிறது. நாடு முழுவதும் ஆயிரம் பேரை நீக்கினாலும் நிலையத்திற்கு ஐவர், பதின்மர் எனப் பிரிந்து போவதால் உள்ளூர் வானொலி ஊழியர் இச்சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறார்.

கடனின் சுமை

பணிநீக்கங்களைத் தொழில்நுட்பத்தின் விளைவாக மட்டும் கருதுவது முழுமையாகாது. கிளியர் சேனலை பெய்ன் கேபிட்டல், தாமஸ் எச். லீ ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடன் பெற்று வாங்கின. அவ்விற்பனை 2008இல் நிறைவுற்றது. அப்போதே பொருளாதாரச் சரிவு விளம்பர வருவாயைக் குறைத்தது. 2009 சனவரியில் ஏறத்தாழ 1,850 பேர், அதாவது ஊழியரில் 9 விழுக்காட்டினர், நீக்கப்பட்டனர். 2014இல் ஐஹார்ட்மீடியா எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் 2018 மார்ச்சில் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடனோடு நொடிப்புப் பாதுகாப்பை நாடியது. 2019இல் பெருமளவு கடன் குறைக்கப்பட்டு வெளிவந்தபோதும், 2020 சனவரியில் நிகழ்ச்சித் தயாரிப்பை மைய இடங்களில் குவிக்கும் மறுசீரமைப்பில் மீண்டும் பணிநீக்கம் நேர்ந்தது. குமுலஸ் 2017இலும், ஆடசி 2024இலும் இதே பாதையில் சென்றன. வாங்குவதற்குப் பெற்ற கடனின் வட்டி நிலையத்தின் வருவாயிலிருந்து செலுத்தப்படுகிறது. அவ்வருவாயில் எளிதில் குறைக்கக்கூடிய செலவு ஊதியமே.

சங்கங்களின் மாற்று வழிகள்

நிலையத்தளவில் வலுவிழந்த சங்கங்கள் சட்டமன்றங்களை நாடின. ஒலிபரப்பு ஊழியர் வேலையைவிட்டு நீங்கியபின் அதே சந்தையில் போட்டி நிலையத்தில் சேரக்கூடாது என்னும் ஒப்பந்த விதி இத்துறையில் பரவியிருந்தது. எட்டு நிலையங்களை வைத்திருக்கும் முதலாளி ஒருவரிடமிருந்து நீக்கப்பட்டவர்க்கு அவ்வூரில் எஞ்சியிருக்கும் வாய்ப்புகளையும் இவ்விதி மூடியது. ஆஃப்ட்ராவின் முயற்சியோடு மாசசூசெட்ஸ் 1998இலும் நியூயார்க் 2008இலும் இத்தகைய விதிகளைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. பணிப் பாதுகாப்பு என்பது இருக்கும் வேலையைக் காப்பது மட்டுமன்று. அடுத்த வேலைக்குச் செல்லும் உரிமையும் அதில் அடங்கும் என்ற கருத்து இங்குச் சட்ட வடிவம் பெற்றது.

முதலாளிகள் இணைந்ததற்கு ஈடாகச் சங்கங்களும் இணைந்தன. நாபெட் 1990களில் தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தது. ஆஃப்ட்ரா 2012 மார்ச்சில் திரைக்கலைஞர் சங்கத்தோடு இணைந்து சாக்-ஆஃப்ட்ரா ஆயிற்று. இவ்விணைப்புகள் நிதி வலிமையையும் அரசியல் செல்வாக்கையும் தந்தன. ஆனால் பேர அலகு நிலையவாரியாகவே தொடர்ந்தமையால், மேலே கூறிய அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. 2023இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் ஒரு நிலையம் தன் அறிவிப்பாளரின் குரலைச் செயற்கை நுண்ணறிவின்வழிப் படியெடுத்து ஒலிபரப்பத் தொடங்கியபின் சிக்கல் மேலும் கூர்மை பெற்றுள்ளது. குரல் பதிவு முறையில் வேற்றூரிலேனும் ஒருவர் பேச வேண்டியிருந்தது. இங்கு அத்தேவையும் குறைகிறது. குரலின் மீதான உரிமை யாருடையது என்பது இனிவரும் ஒப்பந்தங்களின் முதன்மைப் பொருளாகும்.

முடிவுரை

உடைமை வரம்பு, கலையக விதி, நியாயமான காரண விதி ஆகிய மூன்றும் வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றினும், சேர்ந்து நின்று உள்ளூர் வானொலி ஊழியரைக் காத்தன. முதலாவதை 1996ஆம் ஆண்டுச் சட்டமும், இரண்டாவதை 2017ஆம் ஆண்டு முடிவும் அகற்றின. மூன்றாவது தனித்து நின்று பயன் தரவில்லை. நியாயமான காரண விதி தனியொருவர் மீதான தவறான நடவடிக்கையைத் தடுக்கும். பணியிடத்தையே ஒழிக்கும் முடிவைத் தடுக்காது.

பேரம் நிகழும் இடமும் முடிவு பிறக்கும் இடமும் ஒன்றாக இருக்கும்வரை மட்டுமே கூட்டுப் பேரம் பயன் தரும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. சார்லட் நகரப் பணியாளர்கள் 1949இல் தங்கள் வேலையையும் தங்கள் ஊரின் ஒலிபரப்பையும் ஒரே குறையின் இரு பகுதிகளாகக் கண்டனர். அவற்றை இணைத்துச் சொல்லாமையே அவர்களின் வழக்கு தோற்றதற்குக் காரணமாயிற்று. உடைமைக் கொள்கை பற்றிய ஆய்வுகளும் தொழிலுறவு பற்றிய ஆய்வுகளும் இன்றும் பெரிதும் தனித்தனியே நடைபெறுகின்றன. ஊடகக் குவிப்பை ஆராய்வோர் கருத்துப் பன்மையோடு பணியிடங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதும், தொழிலுறவை ஆராய்வோர் நேயரின் இழப்பையும் கருத்தில் கொள்வதும் இத்துறை ஆய்வின் அடுத்த கட்டமாக அமையலாம்.